தங்கவேலு சார் மாற்றிச் சொன்ன படங்கள்

தங்கவேலு சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் மொபைலில் கூப்பிட்டார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டாராம். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு படத்தைப் பற்றி நாங்கள் சண்டை போட்டிருந்தோம். பதில் சொல்ல என் முறை வந்தபோது அவருடைய பஸ் வந்துவிட்டது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிப் போனார். கடைசி வார்த்தை எப்போதும் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது அந்த மனிதரின் பிடிவாதம். அதை இப்படியா நிறைவேற்றிக்கொள்வது?

முருங்கைக்காயை வாங்காமலே ஜனக்புரியில் இருந்த அவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

தில்லியில் பெரிய திரையில் தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமென்றால் எங்களுக்கு ஞாயிறு காலைக் காட்சி ஒன்றுதான். அங்கே வந்துகொண்டிருந்த உங்களில் பலருக்கு அவர் முகம் தெரியாமல் இருக்கலாம். குரல் தெரியும். இருட்டில் பின் வரிசையிலிருந்து ஓயாமல் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தவர் அவர்தான். எத்தனையோ பேர் திரும்பி 'உஷ்' என்றிருக்கிறீர்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதை முழுக்கக் கேட்ட பாவி நான்.

அவர் பேசியது மனைவிக்காக. சந்தோஷ் ஜி பஞ்சாபிக்காரர். அந்தப் பெயரை அங்கே பெண்களுக்கும் வைப்பார்கள். நானும் சாரும் வேலை பார்த்த ஆபீஸிலேயே ஸ்டெனோவாக இருந்தவர். அவருக்கும் இந்த நெல்லைக்காரருக்கும் கல்யாணம் எப்படிக் கூடியது என்பது ஆபீஸில் பல வருஷம் பேசித் தீராத விஷயம். சந்தோஷ் ஜிக்குத் தமிழில் 'போதும்', 'சாப்பிடு' இரண்டும்தான் தெரியும். ஆனால் தமிழ்ப் படம் என்றால் உயிர். அவர் பார்த்த தமிழ்ப் படங்களைத் தமிழ்நாட்டில் யாரும் எடுக்கவே இல்லை என்பதுதான் சிக்கல்.

தங்கவேலு சார் படத்தை மொழிபெயர்க்கவில்லை, திருத்தினார். கதாநாயகன் கதாநாயகியை அறைந்தால், கன்னத்தில் கொசு என்பார். "கை நீட்டுதவன் என்ன ஹீரோ மேடம்? அவன் வில்லன்லா" என்பது என்னிடம் அவர் வாதாடும் கட்சி. ஜோடி திடீரென்று வெளிநாட்டு மலையில் ஆடினால், ஆபீஸில் லீவுப் பயணத்துக்குத் தரும் எல்.டி.சி. போட்டுப் போயிருக்கிறார்கள் என்று சர்க்கார் செலவில் அனுப்பிவைப்பார். ஊரே கொண்டாடிய ஒரு பஞ்சாயத்துப் படத்தில், பெரியவர் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்ததும், இரண்டு தரப்பையும் கேட்காததால் கேஸைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்றார். அந்தத் தீர்ப்பினால் வந்த கஷ்டம்தான் மிச்சப் படம் முழுக்க. அதை என்ன சொல்லிச் சமாளித்தாரோ, நான் காதைப் பொத்திக்கொண்டேன். இரட்டை வேடப் படங்களை மட்டும் திருத்த முயலவே மாட்டார். "ஒருத்தனுக்கே வேலையில்ல, இதுல இன்னொருத்தன்" என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விடுவார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். இவர் கல்யாணத்தைச் செய்துகொண்டு பிறகு ஆயிரம் பொய் சொன்னார்.

அண்ணன் தங்கை படம் ஒன்று. தங்கை விஷம் குடித்துச் செத்துப்போகிறாள், அண்ணன் சிதைக்குத் தீ வைக்கிறான். தியேட்டரே மூக்கைச் சிந்துகிறது. இவர் சாவகாசமாக, தங்கைக்கு வெளியூரில் டீச்சர் வேலை கிடைத்துவிட்டது, ஊரார் லோஹ்ரி கொளுத்துகிறார்கள் என்கிறார். லோஹ்ரி என்றால் தை பிறப்பதற்கு முன்பு பஞ்சாபிகள் நெருப்பு மூட்டிக் கொண்டாடும் பண்டிகை, நம் போகி மாதிரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். எரிகிற சிதையை மறைத்தவரை அன்றுதான் பார்த்தேன்.

பஸ் ஸ்டாப்பில், சந்தோஷ் ஜி கடலை வாங்கப் போன நேரத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு என்ன கண் இல்லையா, எத்தனை நாளைக்கு ஏமாற்றுவீர்கள் என்று கேட்டேன். வாதத்துக்கு வாதம் வைக்கிற மனிதர் அன்று குரலைத் தாழ்த்தினார்.

"அஞ்சு வயசுல ராவல்பிண்டில இருந்து ஓடி வந்தவ மேடம். பிரிவினை சமயம். வழியில அவ பாத்த நெருப்பே போதும். நான் வேற டிக்கெட் எடுத்துக் காட்டணுமா?"

அப்படியானால் படத்துக்கே கூட்டிக்கொண்டு வராதீர்களேன் என்றேன். அவளுக்குப் பாட்டு பிடிக்கும்லா என்றார். இந்த மனிதரிடம் என்ன பேசுவது? ஆனாலும் நான் விடவில்லை. காரணம் நியாயம், காரியம் அநியாயம் என்று அதன் பிறகும் ஞாயிறு தவறாமல் சண்டை போட்டேன்.

ஒரு பொங்கலுக்கு ஜனக்புரியில் தமிழ்க் குடும்பங்கள் கூடியபோது, சந்தோஷ் ஜி எங்கள் எல்லோரையும் பாராட்டினார். ஹிந்திப் படத்தில் யாராவது செத்துக்கொண்டே இருக்கிறார்களாம். தமிழ்ப் படத்தில்தான் எல்லோருக்கும் வேலை கிடைக்கிறதாம். பெண்கள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்கள். நான் வடையை வாயில் போட்டு அடைத்துக்கொண்டேன். தூரத்தில் நின்ற தங்கவேலு சார் எனக்குப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார்.

காரியங்கள் எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து சந்தோஷ் ஜி போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்றார். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று இழுத்தேன். தமிழில்தானே பேசுவார்கள், எனக்கு எங்கே புரியப்போகிறது என்றார்.

போகும் வழியெல்லாம் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். திரையில் நடப்பதை நடந்தபடி சொல்லிவிடுவது. இத்தனை வருஷம் நான் வாதாடியது அதற்குத்தானே. பாதிப் படம் வரை அப்படியே சொன்னேன். அறைந்ததை அறைந்தான் என்றே சொன்னேன். சந்தோஷ் ஜி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கே படம் சகிக்கவில்லை. இந்த நேரத்தில் தங்கவேலு சார் இல்லாமல் போய்விட்டாரே என்று எரிச்சல் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

பிறகு கதாநாயகியின் கணவன் செத்துப்போனான். சிதை அடுக்கினார்கள். தீ திரை முழுக்க எழுந்தது. தன் கணவரை எரித்துவிட்டு வந்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகாத அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"லோஹ்ரி?"

"ஹாங் ஜி," என்றேன். "லோஹ்ரி."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவள் புருஷனுக்கு வெளியூர் டிரான்ஸ்ஃபர் வந்திருக்கிறது, வழியனுப்ப ஊரே கூடியிருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டேன். தங்கவேலு சார் எனக்கென்று விட்டுப்போனது இந்தப் பொய்தான். இனி அது என்னிடம் இருக்கும். முன் வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, கொஞ்சம் படம் பார்க்க விடுங்கம்மா என்றார்.