அத்தையை உயரமாக்கிய கதை

ஒரு ஆளைப் பிடித்து இழுத்தே வளர்த்துவிடலாம் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பாமல் என்ன செய்வது? இழுத்தவளே நான்தான்.

இழுக்கப்பட்டவள் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால், அப்பா கொத்து வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்தபோது அவளையும் கையோடு கூட்டிவந்து காலேஜ் வரை படிக்கவைத்தார். அப்புறம் அவள் சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மேல்தட்டிலிருந்து சேலை எடுக்க அவளுக்கு முக்காலி வேண்டும், உயரம் அவ்வளவுதான். ஆசைதான் எந்த முக்காலிக்கும் எட்டாத உயரத்தில் இருந்தது. விமானப் பணிப்பெண்ணாக வேண்டும், சம்பளமும் வாங்கிக்கொண்டு உலகத்தையும் சுற்ற வேண்டும்.

தம்பானூரில் ஒரு ஹோட்டலில் அதற்கு ஆள் எடுக்கப்போவதாக ஒருநாள் விளம்பரம் வந்தது. அத்தை பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த வேகத்தில் செருப்பு ஒன்று தெருவிலேயே கிடந்தது. எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. வெறுங்காலோடு நுனிக்காலில் நின்று கையைத் தூக்கினால் விரல் இருநூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டரைத் தொட வேண்டும். விமானத்தில் மேலே இருக்கும் சாமான்களை எடுக்க வேண்டுமாம்.

"சேல எடுக்கவே முக்காலி போடுத. ஏரோப்ளேன்ல எவன்ட்டி உனக்கு முக்காலி வச்சிருக்கான்?" என்றார் அப்பா.

அதோடு நிறுத்தவில்லை. டேப்பையும் ரசமட்டத்தையும் எடுத்துவந்து, சமையலறைச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அதைத் தொட்டால் தானே ஹோட்டலுக்குக் கூட்டிப்போவதாகவும், தொடாவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றும் சொன்னார். அப்பா அளந்தால் அளந்ததுதான், நூல் பிசகாது. அத்தை நுனிக்காலில் நின்று எக்கிப் பார்த்தாள். கோடு மேலேயே நின்றது. "செரிண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளிலிருந்து எங்கள் வீடு உடற்பயிற்சிக்கூடமாயிற்று. கொல்லை மாமரக் கிளையைப் பிடித்து அத்தை தொங்குவாள். அவள் கால்களைப் பிடித்து நான் தொங்குவேன். அம்மா தேங்காயெண்ணெய் காய்ச்சி அவளுடைய கெண்டைக்காலில் தேய்ப்பாள். பக்கத்து வீட்டு சேச்சி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ராகிக் கஞ்சி குடி மோளே, எலும்பு நீளும் கேட்டோ" என்பாள். காலேஜ் முடித்தவளுக்கு இனி எலும்பு நீளாது என்று சேச்சிக்கு யார் சொல்வது? எனக்கும்தான் யார் சொல்வது? நான் உயிரைக் கொடுத்துத் தொங்கினேன். பாரிஸ், சிங்கப்பூர், துபாய் என்று ஒவ்வொரு ஊராகக் கத்திக்கொண்டே தொங்குவேன், அத்தை வலியிலும் சிரிப்பாள். எனக்கு வெளிநாட்டிலிருந்து பனிக்கட்டி கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் அதை எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. இனி அவள் வளராவிட்டால் என் மானம் போய்விடும்.

தேர்வுக்கு முந்தைய சாயங்காலம் அத்தை குளித்துச் சாமி கும்பிட்டுச் சுவர் முன் நின்றாள். நான் முக்காலியில் ஏறி நடுவராக நின்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். முதல் தடவை எட்டவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை அத்தையின் காது சிவந்தது, கால் நடுங்கியது, நடுவிரல் நகம் கோட்டின் மேல் ஏறிவிட்டது. "தொட்டாச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் சேச்சி வேலியைத் தாண்டியே வந்துவிட்டாள்.

அப்பா கொல்லைக் குழாயில் வெகுநேரம் முகம் கழுவினார். கண்ணில் சிமென்ட் விழுந்துவிட்டதாகச் சொன்னார். அன்று அவர் வேலைக்கே போகவில்லை.

மறுநாள் காலையில் அப்பா, சொன்ன சொல் தவறாமல், எங்களை ஆட்டோவில் கூட்டிப்போனார். ஹோட்டல் வாசலில் டீ மேல் டீயாகக் குடித்தார். வெளியே வந்த பெண்களில் சிலர் அழுதார்கள், சிலர் போனில் கத்தினார்கள். கடைசியில் அத்தை செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தாள்.

"அண்ணே! அவங்க கோட்டுக்கு மேல ரெண்டு வெரல் போயிட்டுண்ணே!"

"அவங்க டேப்பு தப்பா இருக்கும்ட்டி" என்றார் அப்பா.

இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று சிரித்தார்கள். அந்த நகைச்சுவைக்கு அவ்வளவு சிரிப்பு கூடுதல் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஆனால் நேற்றைக்குக் கோட்டை மட்டும் தொட்ட அத்தை ஒரே ராத்திரியில் இரண்டு விரல் வளர்ந்திருக்கிறாள்! அந்தப் பெருமையில் வேறெதையும் நான் யோசிக்கவில்லை.

அத்தைக்கு வேலை கிடைத்தது. பனிக்கட்டி வரவில்லை, சாக்லேட் வந்தது. அவள் போகாத கண்டம் இனி தேடினாலும் கிடைக்காது.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சமையலறைப் பாத்திர அலமாரியை நகர்த்தியபோது, பின்னால் அந்தக் கோடு அப்படியே இருந்தது. விளையாட்டாக டேப் வைத்துப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு இரண்டு விரல் மேலே போட்டிருந்தார் அப்பா. நூல் பிசகாத மனிதர்! கேட்டதற்கு, "அப்பம் பென்சில் மொட்டையா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்றிரவே வீடியோ காலில் அத்தையிடம் கொட்டிவிட்டேன். ஏதோ ஒரு நாட்டு ஹோட்டல் அறையில் தலைவாரிக்கொண்டிருந்தவள் சீப்பை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"கோடு போட்ட மறுநாளே தெரியும்ட்டி. ஜவுளிக்கடையில மீட்டர் கோல் கெடக்காதா? அளந்து பாத்தேன், இருநூத்திப் பன்னெண்டு எனக்கு முன்னமே எட்டிச்சு. வீட்ல சொல்லாமப் போயிருக்கலாம். ஆனா அண்ணன் போட்ட கோட்டத் தொடாம எப்பிடிட்டி போறது? என்ன அனுப்ப மனசு கேக்காம அவன் போட்டது அது."

ஆக, போட்டவருக்கும் தெரியும், தொட்டவளுக்கும் தெரியும். ஒன்றும் தெரியாமல் காலைப் பிடித்துத் தொங்கியவள் நான் ஒருத்திதான்.