இரண்டு ஜோன்சன், ஒரு கந்தையா

பாரிஸ் லா சப்பலில், தமிழ் உணவகமொன்றில் கொத்துரொட்டி தட்டும் சத்தத்துக்கு நடுவே மகள் சரித்திரப் பாடம் வாசித்தாள். "பப்பா, அமெரிக்காவிலை ரெண்டு ஜனாதிபதிக்கு ஜோன்சன் எண்டு பேர். சொந்தமோ?"

சிறுவயதில் இதே கேள்விக்கு வகுப்பையே சிரிக்கவைத்த அறிவாளி நான். "அண்ணன் தம்பி, சேர்! தேப்பன் பேர் ஒண்டுதானே!" எங்கள் ஊரில் பெயரோடு ஒட்டிவருவது தகப்பன் பெயர்தான்.

"நூறு வரியம் கழிச்சோடா தம்பி பிறந்தவர்?" என்றார் வாத்தியார்.

அழுதழுது அப்பாவின் சைக்கிள் பாரில் ஏறினேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, வேர்வை மணக்க மிதித்தபடி அப்பா சொன்னார்: "விடு மோனை. அந்தத் தேப்பன் குடுத்துவைச்சவர், உலகமே அவரின்ரை பேரைச் சொல்லுது. இந்தக் கந்தையாவை ஆர் கூப்பிடப்போகினம்?"

பிரெஞ்சுப் பத்திரங்களில் அவர் பெயரே எங்கள் குடும்பப் பெயராகிவிட்டது. என் பெயர் வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது.

"மிசியே கந்தையா!" கல்லாவிலிருந்த பெண் கூப்பிட்டாள்.

கடலே தாண்டாத அப்பாவுக்காக, நான் எழுந்துபோய்க் கொத்துரொட்டியை வாங்கினேன்.