கடகத்துக்குள் அடைக்கோழி

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்சில், என் பக்கத்தில் பனங்காய் நிறத்தில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். அவர் மடியிலிருந்த பனையோலைக் கடகத்தில் முட்டைகளை அணைத்தபடி ஓர் அடைக்கோழி. அடிக்கடி குனிந்து அதனோடு கதைத்தார்: "பயப்பிடாதை பிள்ளை, மகள் வீடு கிட்டத்தான். நாளைக்குப் பொரிச்சிடுவாய்."

திடீரென்று வானம் இடித்தது. இடியென்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே குலைநடுக்கம்; மீசை வைத்தும் தீரவில்லை. அவரோ என்னைவிட மோசமாக நடுங்கினார்.

"ஐயோ, முட்டைக்குக் காவலா இரும்பு வைக்க மறந்திட்டன்! இடிக்கு முட்டையெல்லாம் கூழாப் போகும். தம்பி, உம்மட்டை இரும்பு ஏதும் கிடக்கோ?"

என் வீட்டுப் பூட்டின் இரும்புத் திறப்பைக் கொடுத்தேன். கோழிக்கு அடியில் செருகினார். அடுத்த இடிக்கு என் கையும் தானாகக் கடகத்துக்குள் போய் அந்தத் திறப்பைப் பிடித்துக்கொண்டது. கோழி கொத்தியது, நான் விடவில்லை.

"நீரும் அடை கிடக்கப் போறீரோ?" என்றார், நடுங்கியபடியே.

"ஓம் அண்ணை, கோழியைக் கொஞ்சம் தள்ளியிருக்கச் சொல்லுங்கோ."

இடி ஓய்ந்ததும் ஒரு முட்டையை எடுத்து என் காதில் வைத்தார். "உள்ளுக்குக் குஞ்சு தட்டுதோ? எனக்குக் காது மந்தம்" என்று கெஞ்சினார்.

டொக், டொக் என்றது. "தட்டுது அண்ணை!" என்றேன். அவர் அழுதேவிட்டார்.

தட்டியது குஞ்சா, என் நெஞ்சா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.