மாதா கோயிலில் பால் காய்ச்சிய நாள்

கிள்ளானில் நாங்கள் கட்டிய புது வீட்டில் இன்று காலை பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்த பாலின் தீய்ந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஏழு வயதுச் சிறுமியாகிவிட்டேன்.

அங்கே புது மாதா கோயில் எழும்பியதும், பழைய பலகைக் கோயிலை ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா வாடகைக்குப் பிடித்தார். நடுவே தட்டி அடித்து இரண்டு அறைகளாக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை உயரக் கூரை! வண்ணக் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில் அடுப்பிலிருந்த பால்கூடச் சிவப்பாகத் தெரிந்தது.

பால் பொங்கியது. சாமி கும்பிடும்போது மணியடிப்பது வீட்டில் என் வேலை. கைமணியோ இன்னும் மூட்டைக்குள் கிடந்தது. வாசலருகே கோயில் மணியின் கயிறு தொங்கியது. ஓடிப்போய் இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன்.

நேரங்கெட்ட நேரத்தில் அந்த மணி அடித்தால் சாவு என்று அர்த்தமாம். தெருவே திரண்டு வந்தது. முன்னால் முக்காட்டோடு எதிர்வீட்டு ஞானம்மா.

"யாரு செத்தா?"

குடிபுகும் நாளில் அப்படியொரு கேள்வி. அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. அப்பாதான் சமாளித்தார்.

"யாரும் சாகலக்கா. பால் பொங்கிருச்சு. உள்ள வாங்க."

ஞானம்மா நேரே போய் மூன்றாவது தூணடியில் உட்கார்ந்தார்.

"இருபது வருசமா இதான் என் எடம்."

அம்மா முதல் தம்ளரை அவர் கையில் கொடுத்தாள். பிறகு தண்ணீர் கலந்து கலந்து தெருவுக்கே பால் ஊற்றினாள்.

இன்று என் கை தானாக மேலே போய்க் கயிற்றைத் தேடியது. கயிறு இல்லை. வாசலுக்கு ஓடி, முன்பின் தெரியாத இந்தத் தெருவையே பால் குடிக்கக் கூவி அழைத்தேன்.