அனுப்பி வைத்த பிள்ளையின் பெயர்

கைதட்டல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் பம்ப் கம்பெனியின் ஆண்டு விழா, மதுக்கரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. என்னோடு தினமும் டீ குடிப்பவர்கள் முகத்தில் கரி பூசி, இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, மலைவாழ் மக்களின் நடனம் என்று மேடையில் குதித்தார்கள். ஸ்பீக்கரில் ஒலித்த மேளமும், அதற்கு மேல் எழுந்த ஒரு தாயின் குரலும் நான் பதிவு செய்தவை. அதை எழுதும்போது இப்போதும் வாய் கசக்கிறது.

பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த பெண் ஒருத்தி, சத்தியமங்கலத்துக்கு மேலே ஒரு மலைக் கிராமத்துக்காரி. அவளுடைய அக்கா பிரசவத்தில் இறந்துபோனாள். இறந்தவளை வழியனுப்பும் சடங்குக்கு லீவு கேட்டு, அந்தப் பிரிவின் சூப்பர்வைசரான என்னிடம் வந்தபோது, நானும் வரலாமா என்று கேட்டேன். எனக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல் போவேன், கிறிஸ்துமஸ் இரவில் சர்ச்சின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அடுத்தவர் சாமியை மதிக்கத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை. அவள் அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்: “வாங்கண்ணா. செருப்பக் கழட்டிப் போட்டு வேலிக்கு வெளிய நின்னுக்கங்க. படம் மட்டும் எடுக்க வேண்டாமுங்க.”

செருப்பைக் கழற்றினேன். வேலிக்கு வெளியே கைகட்டி நின்றேன். ஆனால் சட்டைப் பையிலிருந்த போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டிருந்தேன். படம்தானே வேண்டாம் என்றாள் என்று மனதுக்குள் ஒரு வக்கீல் வாதாடிக்கொண்டிருந்தான். மரத்தடிக் கல்லின் முன் உட்கார்ந்து, அவள் அம்மா மேளத்துக்கு இடையிடையே மகளின் பெயரைச் சொல்லி அழைத்தார். அவள் நடை பழகியது, காய்ச்சலில் கிடந்தது, கல்யாணம் கட்டிக்கொண்டு போனது எல்லாவற்றையும் பாடினார். கடைசியாக ஒருமுறை பெயரைச் சொன்னதும் மேளம் நின்றது. “இனி மேளத்தோட அந்தப் பேரக் கூப்பிட மாட்டோமுங்க,” என்றாள் அந்தப் பெண், பஸ் ஏற்றிவிட வந்தபோது. “கூப்புட்டா, போனவ திரும்பி வந்துருவாளுங்க.” சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அழிக்கவில்லை.

அடுத்த வாரம் கேன்டீனில் அந்தப் பதிவை எங்கள் மேலாளருக்குப் போட்டுக் காட்டினேன். எதற்காகக் காட்டினேன்? நான் போய்வந்த இடத்தை அவர் வியக்க வேண்டும், அவ்வளவுதான். “அருமையா இருக்குதுங்க, எனக்கு அனுப்பிப் போடுங்க,” என்றார். எதற்கென்று கேட்காமல் அனுப்பினேன்.

விழாவில் மேளம் தொடங்கியபோது எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. எல்லோரோடும் நானும் தட்டிக்கொண்டிருந்தேன். பெயர் வந்ததும்தான் கை நின்றது. நான்காவது வரிசையிலிருந்து அந்தப் பெண் எழுந்து ஸ்பீக்கர்காரரிடம் போனாள். “நிறுத்துங்கண்ணா. அது எங்க அக்கா பேருங்க.” அவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் மைக்கில் சிரித்தபடி சொன்னார்: “உங்க சனத்துக்குத்தான் மரியாதை பண்றோம் அம்மணி. சந்தோசமா உக்காருங்க.” மண்டபம் சிரித்துக்கொண்டே இன்னும் பலமாகத் தட்டியது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. விருந்தில் வைத்த மைசூர்பாகைத் தின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. மேலாளர் அந்த நடனத்தை இணையத்தில் போட்டார். அதன் கீழே பார்த்தவர்கள் போட்ட கும்பிடும் கைப் படங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. அதை நீக்கச் சொன்னேன். “நல்லதத்தானுங்க பண்ணிருக்கறோம்,” என்றார். அதன்பின் அவரோடு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் என் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

இரண்டு ஞாயிறு கழித்து மலைக்குப் போனேன். வாசலிலேயே அவள் நிறுத்திவிட்டாள். “செருப்பக் கழட்டுன நீங்க போனையும் கழட்டியிருக்கலாமுங்க,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. அண்ணா என்று கூப்பிடவும் இல்லை.

அவள் அம்மா வெளியே வந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். “அழிச்சுட்டீங்களா?” என்று கேட்டார்.

“என் போன்ல அழிச்சுட்டேனுங்க அம்மா. மத்தவங்ககிட்ட இருக்குது. என்னால எடுக்க முடியலைங்க.”

அவர் என்னைத் திட்டவில்லை. எத்தனை தடவை பெயர் கேட்டது, எல்லாரும் சிரித்தார்களா என்று மட்டும் விசாரித்தார். சிரித்தார்கள் என்றேன். கல்லிருக்கும் மரத்தின் பக்கம் திரும்பினார்.

“அனுப்பி வெச்ச புள்ளையத் திரும்பக் கூப்புட்டுட்டீங்க,” என்றார். “வந்து நின்னிருப்பா. சிரிப்பக் கேட்டிருப்பா. மறுக்கா அனுப்போணும்.”

உள்ளே போய் மேளக்காரருக்கு ஆள் அனுப்பினார். நான் போனை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“நீங்க ரோட்டுக்குப் போயிருங்க சார்,” என்றாள்.

ரோட்டோரம் நின்றேன். உச்சி வெயில். மேலே மேளம் தொடங்கியது. நான் கீழே இறங்க வேண்டிய பேருந்து வர நேரமாகும். மலைமேல் போகும் எதிர்த்திசைப் பேருந்துதான் வந்தது. இந்த முறையாவது அந்தப் பெயர் என் காதில் விழுவதற்குள் அதில் ஏறிவிட்டேன்.