மிஸ், ஐ ஹேவ் எ டவுட்

மகளைப் பள்ளியில் சேர்க்கக் கொடுத்த படிவத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் நான் யாரையும் கேட்காமல் பதில் எழுதினேன். 'வீட்டில் பேசும் மொழி எது?' என்று இருந்தது. தமிழ் என்று எழுதினேன். தடுப்பூசி போட்ட தேதி, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள் என்று மற்ற எல்லாவற்றுக்கும் கணவரை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. நாங்கள் அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அவசரத்துக்குக் கூப்பிட எங்களுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? கணவரின் ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருந்தவரின் பெயரைப் போட்டோம்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. கோயம்புத்தூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். இங்கே மூன்றாம் வகுப்பில் சேர்த்த மறுநாளே அவளைத் தனியாக உட்கார வைத்து ஒரு பரீட்சை வைத்தார்கள். அடுத்த வாரம் கடிதம் வந்தது. ஆங்கிலம் இன்னும் பழக வேண்டிய பிள்ளைகளுக்கு ஈ.எஸ்.எல். என்று ஒரு வகுப்பு இருக்கிறது, உங்கள் மகள் தினமும் முக்கால் மணி நேரம் அங்கே போவாள் என்று எழுதியிருந்தது. பெற்றோருக்கு விருப்பமில்லை என்றால் கீழே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைசியில் ஒரு வரியும் இருந்தது.

மறுநாள் காலை ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதைப் பற்றி எதிர் பிளாக்கில் இருந்த சென்னைக்காரம்மாவிடம் சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ஃபார்ம்ல தமிழ்னா போட்டீங்க?"

"ஆமாங்க. தமிழ்தானுங்க பேசறோம்?"

"ஐயோ, இங்கிலீஷ்னு போடணும்ங்க! நாங்க எல்லாரும் அப்படித்தான் போட்டோம். தமிழ்னு போட்டா டெஸ்ட் வெச்சு அந்த கிளாஸ்ல தள்ளிடுவாங்க. அப்புறம் அதுலேந்து வெளிய வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்."

வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறோம் என்று எழுதிக் கொடுத்த கதையை அவர் முழுக்க முழுக்கத் தமிழில்தான் சொன்னார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயந்திரம் கணவர் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலைவிட்டு இறங்கி வீடு வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"ஆமா, ஆபீஸ்லகூட இங்கிலீஷ்னு போடுன்னு சொன்னாங்க" என்றார். "உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"நீங்க மறந்துட்டு, இப்ப தப்பு என்னுதா?"

"தப்புன்னு யாரு சொன்னா? சைன் பண்ணிக் குடுத்துட்டு வெளிய எடுத்துடலாம். அவ்ளோதான் மேட்டர்."

அவருக்கு அவ்வளவுதான் மேட்டர். அவர் எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். நான் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். என் பள்ளியை நான் குறை சொல்ல மாட்டேன். அறுபத்தெட்டுப் பெண்களுக்கு ஒரே கணக்கு டீச்சர். தொண்டை கட்டக் கட்டக் கத்திச் சொல்லிக்கொடுப்பார். அவர் போட்ட அஸ்திவாரத்தில்தான் இன்றைக்கும் என் தலையில் கணக்கு நிற்கிறது. ஆனால் அறுபத்தெட்டுப் பேரும் ஆளுக்கொரு சந்தேகம் கேட்டால் அவர் என்ன செய்வார், பாவம். "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸாகச் சொல்வோம். அப்படியே பழகிவிட்டது.

பிறகு இன்ஜினியரிங் காலேஜ். முதல் மாதத்திலேயே, சர்க்யூட் வகுப்பில், எனக்கு ஒன்று நிஜமாகவே புரியவில்லை. எங்கிருந்தோ தைரியம் வந்து எழுந்து நின்றேன். "சார், ஐ ஹேவ் எ டவுட்" என்றேன். அதுவரைக்கும் ஆங்கிலம் வந்தது. அடுத்த வாக்கியம் வரவில்லை. "வாய்ல என்ன கொழுக்கட்டையா? மொதல்ல டவுட்ட இங்கிலீஷ்ல கேக்கக் கத்துக்கோ, அப்புறம் நான் க்ளியர் பண்றேன்" என்றார். வகுப்பே சிரித்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் நான்கு வருஷம் ஒரு வகுப்பிலும் நான் எழுந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து நல்ல மார்க்கோடுதான் வெளியே வந்தேன். அன்றைக்குக் கேட்க நினைத்தது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால் ஈ.எஸ்.எல். என்றதும் எனக்கு அந்த பெஞ்சுதான் ஞாபகம் வந்தது. ஏழு கடல் தாண்டி வந்தும், என் பேனாவாலேயே என் மகளை அதே பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டேனே என்று மனசு ஆறவில்லை. கையெழுத்துப் போட்டுக் கைப்பையில் வைத்தேன். நவம்பரில் பெற்றோர் சந்திப்பு வருகிறது, நேரிலேயே கொடுத்துவிட்டு வரலாம் என்று இருந்தேன்.

அதுவரை நான் நிம்மதியாக இல்லை. கோயம்புத்தூரில் அவள் பையை நான்தான் தூக்க வேண்டும், அவ்வளவு கனம். டைரியில் தினமும் ஒரு பக்கத்துக்கு வீட்டுப்பாடம் இருக்கும். இங்கே பையைத் திறந்தால் காலி டிபன் பாக்ஸும் இரண்டு மேப்பிள் இலையும்தான் இருந்தன. பாடப்புத்தகம் என்று ஒன்று கண்ணிலேயே படவில்லை. "இன்னிக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க?" என்றால் "கரடி" என்பாள். நேற்று என்றால் அதற்கும் கரடி. வாரம் முழுக்கக் கரடியை வைத்துக்கொண்டு என்னதான் நடத்துகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சந்திப்புக்கு எங்களுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மகளையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். அது ஒரு சின்ன அறை, தரையில் ஒரு விரிப்பு, குட்டி நாற்காலிகள். ஈ.எஸ்.எல். டீச்சருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் பெரிய மஞ்சள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் தலைப்பைப் படித்துவிட்டு நான் இன்னொரு தடவை படித்தேன். 'எங்கள் டவுட்டுகள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

டீச்சர் என் பார்வையைக் கவனித்துவிட்டுச் சிரித்தார். "இது உங்கள் மகளால் வந்தது" என்று சொல்லி அந்தக் கதையை ஆரம்பித்தார்.

முதல் இரண்டு வாரம் இவள் அந்த அறையில் வாயே திறக்கவில்லையாம். ஒருநாள், பனிக்காலம் முழுக்கக் கரடி தன் குகையில் தூங்கும் என்று ஒரு புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். இவள் கையைத் தூக்கியிருக்கிறாள். அங்கே யாரும் எழுந்து நிற்கும் வழக்கம் இல்லை. இவள் கோயம்புத்தூர் வழக்கப்படி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நேராக நின்று, "மிஸ், ஐ ஹேவ் எ டவுட்" என்றாளாம்.

நமக்கு டவுட் என்றால் புரியாத ஒன்றைக் கேட்பது. இந்த ஊர் ஆங்கிலத்தில் அதற்கு 'நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை' என்று அர்த்தம். இரண்டு வாரம் வாய் திறக்காத பெண், திறந்ததும் முதல் பேச்சாக இந்தப் புத்தகத்தை நம்ப மாட்டேன் என்கிறாளே என்று டீச்சருக்கு ஒரே ஆச்சரியம். கோபப்படவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, "ரொம்ப நல்லது! எதை நீ நம்பவில்லை, சொல்லு" என்று இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இவள் பேந்தப் பேந்த விழித்திருக்கிறாள். குகை என்பதற்கு அதில் போட்டிருந்த ஆங்கில வார்த்தைக்கு அர்த்தம் கேட்கத்தான் எழுந்தாள். ஆனால் டீச்சர் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாரே, ஏதாவது சொல்ல வேண்டுமே. யோசித்து யோசித்து, தெரிந்த நாலு வார்த்தையைக் கோத்து, "கரடி தூங்குதுன்னு எழுதினவங்களுக்கு எப்படித் தெரியும்? உள்ள போய்ப் பாத்தாங்களா?" என்று கேட்டாளாம். டீச்சருக்கும் பதில் தெரியவில்லை. வகுப்பையே கூட்டிக்கொண்டு லைப்ரரிக்குப் போய் அந்த வாரம் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். நான் எரிச்சல்பட்ட கரடி வாரம் அதுதான்.

டவுட் என்றால் நம் ஊரில் என்ன என்பதை இவளே பிறகு கையைக் காலை ஆட்டி அவருக்கு விளக்கியிருக்கிறாள். அவர் மறுநாள் பிள்ளைகளிடம், "இந்த அறையில் இரண்டுக்கும் இடம் உண்டு. புரியாததையும் கேட்கலாம், நம்பாததையும் கேட்கலாம்" என்று சொல்லி அந்த மஞ்சள் தாளை ஒட்டினாராம். ஆங்கிலத்தில் எழுத வராதவர்கள் அவரவர் மொழியிலேயே எழுதலாம். கொரிய எழுத்து, சீன எழுத்து, போர்த்துகீஸ் எல்லாம் இருந்தன. நடுவில், கோணல் மாணலாகத் தமிழில், 'கரடிக்கு பசிக்காதா' என்று ஒரு வரி. ஒற்றெழுத்தைக் காணோம். அந்தப் பிழையோடு அதை அந்தச் சுவரில் பார்த்தபோது எனக்குத் திருத்தத் தோன்றவில்லை.

"உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார் டீச்சர். "நோ நோ, தேங்க் யூ ஸோ மச்" என்று கணவர் பாதி எழுந்துவிட்டார். நானும் வழக்கம்போல மென்று முழுங்கிக்கொண்டு பையைத் தோளில் மாட்டினேன். அப்போது என் மகள் என் முகத்தையே பார்த்துவிட்டு, டீச்சரிடம் திரும்பி, "மிஸ், மை மாம் ஹேஸ் எ டவுட்" என்றாள்.

எழுந்திருக்கப்போன டீச்சர் மறுபடி உட்கார்ந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். வெளியே அடுத்த குடும்பம் காத்திருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அடியெடுத்துக் கொடுக்கவும் இல்லை, சும்மா காத்திருந்தார். நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைக் கட்டி முடிக்கும்வரை ஒருவர் அப்படிக் காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "திஸ் கிளாஸ்... இஸ் இட் ஃபார் வீக் ஸ்டூடன்ட்ஸ்?" என்று கேட்டேன். பதினைந்து வருஷம் கழித்து ஒரு வகுப்பறையில் நான் கேட்ட கேள்வி.

அவர் சிரிக்கவில்லை. இல்லை என்றார். இவள் படிப்பில் கெட்டிக்காரி என்பது தனக்குத் தெரியும், அவள் மனசில் இருப்பதைச் சொல்ல ஆங்கிலம் கொஞ்சம் பின்னால் வருகிறது, அது வந்து சேரும்வரை அவள் பேசாமல் இருந்துவிடக் கூடாது, அதற்குத்தான் இந்த அறை என்றார். பேசாமல் இருந்துவிடக் கூடாது. அதை மட்டும் நான் மனசுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்ட தாளைப் பையிலிருந்து நான் எடுக்கவே இல்லை. அந்த வாரம் அதன் பின்பக்கத்தில் மளிகைப் பட்டியல் எழுதினேன்.

அவரிடம் ஒழுங்காக ஒரு நன்றிகூட நான் சொல்லவில்லை. ஒன்றரை வருஷத்தில் மகள் அந்த வகுப்பிலிருந்து வெளியே வந்தாள். வெளியே வந்த அன்று அழுதாள். நான் ஒரு டப்பா ரவா லட்டு செய்து கொடுத்தனுப்பினேன். என் ஆங்கிலத்துக்கு அதுதான் முடிந்தது.

இப்போது நாங்கள் டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு. இங்கே சேர்க்கும்போது படிவத்தை அவளே ஆன்லைனில் நிரப்பினாள். மொழி கேட்ட இடத்தில் தமிழ் என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். இந்தப் பள்ளி வேறு மாதிரி. கட்டடம் அத்தனையும் புதுசு. வகுப்பில் பாதிப் பேர் நம் பிள்ளைகள். கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும் வரிசையில்கூட யார் எந்த லெவல் மேத்ஸ் எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் பேச்சு. அடுத்த வருஷப் பாடத்தைக் கோடை லீவிலேயே கோச்சிங்கில் முடித்துவிட்டுத்தான் வகுப்புக்கே வருகிறார்கள்.

போன மாதம் அவள் கணக்குப் பரீட்சையில் முதல் தடவையாக மார்க் நன்றாக இறங்கியிருந்தது.

"புரியலைன்னா கேக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"யாரும் கேக்க மாட்டாங்கம்மா. எவ்ரிபடி ஆல்ரெடி நோஸ் இட். நான் கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு பாப்பாங்க. இட்ஸ் ஸோ எம்பேரஸிங்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, திட்டவில்லை. ஆனாலும் அவள் என் பெஞ்சுக்கு வந்து சேர்ந்துவிட்டாளே என்று இருந்தது.

அடுத்த வாரம், ஹைஸ்கூலில் என்னென்ன பாடம் எடுக்கலாம் என்று விளக்க சாயந்திரம் ஆறு மணிக்குப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன், அரங்கம் நிறையக் கூட்டம். பிள்ளைகளுக்குப் பாட ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மா மேடையில் படம் படமாகப் போட்டு, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு மதிப்பு, ரேங்க் எப்படி வரும் என்றெல்லாம் சொன்னார். கடைசியில் "எனி கொஸ்டின்ஸ்?" என்றார். ஒரு கைகூட எழவில்லை. எனக்கு முன்வரிசையில் ஒருவர் மனைவியிடம், "வா, வாட்ஸ்அப் குரூப்ல கேட்டுக்கலாம்" என்று கார் சாவியை எடுத்தார். புரிந்தது டீச்சர் என்று கோரஸாகச் சொன்ன அதே நாங்கள்தான்.

நான் கையைத் தூக்கினேன். மகள் என் ஸ்லீவைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, ப்ளீஸ், டோன்ட்." நாற்காலியைவிட்டு எழுந்து நேராக நின்றேன்.

"ஐ ஹேவ் எ டவுட்" என்றேன்.

"ஐயோ அம்மா!" என்று அவள் சீட்டுக்குள்ளேயே புதைந்தாள். "கொஸ்டின்னு சொல்லு! டவுட் இல்ல!"

"ரெண்டும் இருக்குடி" என்றேன்.

கேட்டேன். வகுப்பில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது, ஒரு பிள்ளைக்கு மட்டும் புரியவில்லை என்றால் அது யாரிடம், எப்போது போய்க் கேட்கலாம் என்று கேட்டேன். நடுவில் இரண்டு இடத்தில் இலக்கணம் உதைத்தது எனக்கே தெரிந்தது. கவுன்சிலர் அம்மா நன்றாகவே பதில் சொன்னார். இந்தப் பள்ளியிலேயே தினமும் காலையில் முதல் மணி அடிப்பதற்கு அரை மணி முன்னால் டீச்சர்கள் கதவைத் திறந்து வைத்திருப்பார்களாம். முன்னாலேயே சொல்ல வேண்டியதில்லை, நேராகப் போகலாமாம். ரொம்பப் பேர் வருவதில்லை என்பதுதான் அவர்களுக்கு வருத்தமாம். நான் உட்கார்ந்தபோது பின்னால் இன்னும் மூன்று நான்கு கைகள் எழுந்திருந்தன. கார் சாவியை எடுத்தவரும் ஒரு கேள்வி கேட்டார்.

வரும்போது டோல்வேயில் நான்தான் ஓட்டினேன். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கோபம் என்று நினைத்தேன். எங்கள் எக்ஸிட் வரும்போது, முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"அம்மா, நாளைக்கு அரை மணி நேரம் சீக்கிரம் டிராப் பண்றியா?"

"எதுக்கு?"

"மேத்ஸ்ல ஒரு டவுட்."