செல்விக்கு அனுப்பிய நாவல்

நாங்கள் ஐந்து பேர், ஒரே நாவலைத் தபாலில் சுற்றுக்கு விட்டுப் படிப்பவர்கள். மயிலாப்பூரிலிருந்து நான் அனுப்பிய நாவல் ஒரு மாதமாகியும் வரவில்லை என்றார், பட்டினப்பாக்கத்தில் தையற்கடை வைத்திருக்கும் செல்வி. எரிச்சலோடு மறுபடி போன் செய்தேன்.

"திங்கக்கிழமை அனுப்பினதா என் டைரியில இருக்கேம்மா!"

"இன்னா சார், டைரில எழுதிட்டா புக்கு நடந்து வந்துடுமா?"

அவர் நாவலை வைத்துக்கொண்டே மறைக்கிறார் என்று மற்ற மூவருக்கும் கடிதம் எழுதினேன். செல்வி குழுவிலிருந்து விலகிவிட்டார்.

பிறகு ஒருநாள், குடையைத் தேடி பீரோவின் மேல் கையை விட்டுத் துழாவியபோது அந்தப் பார்சல் கிடைத்தது. அன்றைய வேலைகளை முடித்ததாகவே காலையில் டைரியில் எழுதிவிடுவது என் வழக்கம். அந்தத் திங்களன்று மழை. நான் தபால் நிலையத்துக்குப் போகவே இல்லை.

பார்சலோடு நேரே செல்வியின் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். செல்வி தையல் மெஷினை நிறுத்தவில்லை.

"மூணு பேருக்கு லெட்டர் போட்டீங்கல்ல? அவங்களுக்கு இதையும் எழுதுங்க சார்."

எழுதினேன். செல்வி இன்னும் குழுவுக்குத் திரும்பவில்லை. என் ஒழுங்கை நம்பிய கர்வத்தில், அவர் சொன்ன உண்மையை நான் காதில் வாங்கவே இல்லை. அதை நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.